வெள்ளை டியூப்பைத் தொடாமல் ஒரு மலை வாவி

புதிதாக நீர்வர்ணம் பழக வருகிறவர்களின் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பன்னிரண்டு டியூப்பில் பதினொன்று நிறைந்திருக்கும். வெள்ளை மட்டும் அடிவரை சுருட்டப்பட்டுக் கிடக்கும். வானத்து நீலத்தை வெளிறச் செய்ய வெள்ளை, மேகத்துக்கு வெள்ளை, தண்ணீர் மினுங்குவதற்கு வெள்ளை. பள்ளிக்கூடத்துச் சித்திரப் பாடத்தில் போஸ்டர் கலரோடு பழகிய கை அப்படித்தான் செய்யும். அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. நீர்வர்ணம் வேறு விதமாக வேலை செய்கிறது என்பதை யாராவது ஒருமுறை உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த விளக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் வரைய வருகிறார்கள். முதல் மாதம் முழுக்க எல்லோருக்கும் ஒரே படம்தான்: பின்னால் மலைகள், மலையடியில் பனிமூட்டம், முன்னால் அசையாத வாவி, அதில் ஒரு சின்னத் தோணியில் தூண்டிலோடு தனியே ஒருவர். நான் மஸ்கெலியாப் பக்கம் வளர்ந்தவன் என்பதால் மனதில் இருப்பது மவுசாகலை நீர்த்தேக்கம். 1960களின் இறுதியில் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரமே அதற்குள் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயிலின் மிச்சம் வெளியே தெரியும். உங்கள் மனதில் நுவரெலியாவின் கிரகரி வாவி இருக்கலாம். எதுவானாலும் சரி. இந்த ஒரு படத்துக்குள் நீர்வர்ணத்தின் அடிப்படை முழுவதும் இருக்கிறது.

அந்த அடிப்படை இதுதான்: நீர்வர்ணத்தில் வெள்ளை என்பது வர்ணம் அல்ல, கடதாசி.

ஏன் அப்படி? ஒரு வெள்ளைக் கோப்பையில் வெறும் தேத்தண்ணியை ஊற்றிப் பாருங்கள். விளிம்போரம் ஆழம் குறைந்த இடத்தில் பொன்னிறம், நடுவில் சிவப்பு, இன்னும் சாயம் கூடினால் கிட்டத்தட்டக் கறுப்பு. ஆனால் கோப்பையின் அடி தெரிந்துகொண்டே இருக்கும். வெளிச்சம் தேத்தண்ணிக்குள் இறங்கி, வெள்ளை அடியில் பட்டு, திரும்பவும் தேத்தண்ணியைக் கடந்து நம் கண்ணுக்கு வருகிறது. அந்தப் பொன்னிறத்தில் பாதி கோப்பையின் வேலை. இப்போது அதற்குள் பால் ஊற்றுங்கள். நிறம் வெளிறுகிறது, உண்மைதான். ஆனால் அடி மறைந்துவிடுகிறது. வெளிச்சம் மேற்பரப்போடு திரும்பிவிடுகிறது.

நீர்வர்ணம் வெறும் தேத்தண்ணி. போஸ்டர் கலர் பால் தேத்தண்ணி. நீர்வர்ணத்தில் இருப்பது மிக நுண்ணிய நிறத்தூள், அதைக் கடதாசியில் பிடித்துவைக்கும் அகேசியா மரத்துப் பிசின், பிறகு நாம் சேர்க்கும் தண்ணீர். காய்ந்த பிறகு மிஞ்சுவது கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய படலம். வெளிச்சம் அதைக் கடந்து கடதாசியைத் தொட்டுத் திரும்புகிறது. நல்ல நீர்வர்ணப் படம் உள்ளிருந்து ஒளிர்வதுபோலத் தெரிவதற்குக் காரணம் இதுதான். வெள்ளை டியூப்பைக் கலந்தால் அந்த வழி அடைபடும். நிறம் வெளிற வேண்டுமா? தண்ணீரைக் கூட்டுங்கள். முழு வெள்ளை வேண்டுமா? அந்த இடத்தைத் தொடாதீர்கள்.

இதிலிருந்து ஓர் ஒழுங்கு பிறக்கிறது. எண்ணெய் வர்ணத்தில் இருட்டைப் போட்டுவிட்டு, கடைசியில் அதன் மேல் வெளிச்சத்தை வைக்கலாம். இங்கே முடியாது. வெளிறியதில் தொடங்கி அடர்ந்ததை நோக்கித்தான் போக முடியும். அதனால் தூரிகையை நனைப்பதற்கு முன்பே எங்கே வெள்ளை விடப்போகிறோம் என்று முடிவு செய்திருக்க வேண்டும். நம் வாவிப் படத்தில் மூன்று இடங்கள் போதும்: மலையடியில் பனிமூட்டம் படிந்த பட்டை, அக்கரையை ஒட்டித் தண்ணீரில் விழும் ஒளிக்கீற்று, தூண்டில்காரரின் தோளிலும் தொப்பியிலும் வெயில் படும் ஒரு நூல் அளவு விளிம்பு. பென்சிலால் மெல்லியதாகக் கோடிட்டு அந்த இடங்களுக்குள் சின்னதாக ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அழிக்கலாம்.

பொருட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செலவழிக்க ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கடதாசிக்குச் செலவழியுங்கள். ஒரு சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள, பருத்தியில் செய்த கடதாசி தண்ணீரைத் தாங்கும், அதிகம் நெளியாது. வர்ணம் மூன்று போதும்: அல்ட்ராமரின் நீலம், பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, ஒரு எலுமிச்சை மஞ்சள். நீலத்தையும் செம்பழுப்பையும் கலந்தால் வரும் சாம்பல் நிறம் மலைக்கும் மேகத்துக்கும் நிழலுக்கும் ஆகும். எட்டாம் இலக்க உருண்டைத் தூரிகை ஒன்று. வர்ணம் கலக்க ஒரு வெள்ளைப் பீங்கான், இரண்டு போத்தல் தண்ணீர், ஒரு பழைய துவாய்த் துண்டு.

இனி வானமும் பனிமூட்டமும். இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் மனம் உடைவது இங்கேதான்.

பனிமூட்டத்துக்கு விளிம்பு கிடையாது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. அதை வரைய, வானத்திலிருந்து மலையடி வரை கடதாசியை முதலில் சுத்தத் தண்ணீரால் நனைத்துக்கொள்வோம். ஈரத்தின் மேல் வர்ணத்தை வைத்தால் அது தானே பரவி, கரை இல்லாமல் கரைந்துபோகும். இதற்கு ஈரத்தின் மேல் ஈரம் என்று பெயர். காய்ந்த கடதாசியில் வைத்தால் கூரான கரை விழும். படம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது: தூரத்துக்கு ஈரம், கிட்டத்துக்கு உலர்.

ஆனால் ஈரம் என்பது ஒரே நிலை அல்ல. கடதாசியைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிபோல் பளபளத்தால் தண்ணீர் இன்னும் மேலே நிற்கிறது. இப்போது வர்ணம் வைத்தால் ஊர் முழுக்க ஓடிவிடும். பளபளப்பு மங்கி, பட்டுத்துணி மாதிரி ஒரு மினுக்கம் மட்டும் மிஞ்சும் நேரம் ஒன்று வரும். மலையின் சாம்பல் நீலத்தை அப்போதுதான் வைக்க வேண்டும். மேல் விளிம்பு மெல்லப் பஞ்சுபோல் விரியும், ஆனால் இடத்தைவிட்டு ஓடாது. மினுக்கமும் போய், தொட்டால் குளிர்ச்சி மட்டும் இருக்கும் நிலை வந்தால் கையை எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஈரத் தூரிகையால் தொட்டால், புதுத் தண்ணீர் பாதி காய்ந்த நிறத்தூளை வெளியே தள்ளும். பூக்கோவா போல் சிலும்பிய ஒரு கறை விழும். பிறகு அதைத் திருத்தப் போனால் இன்னும் பெரிதாகும்.

மேசையில் சிந்திய தேத்தண்ணித் துளி காய்ந்த இடத்தில் விழும் வட்டக் கறையைக் கவனித்திருப்பீர்கள். நடு வெளிறி, ஓரம் மட்டும் அடர்ந்திருக்கும். ஓரத்தில் ஆவியாதல் வேகமாக நடப்பதால், அதை ஈடுசெய்ய நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடுகிறது, துகள்களையும் கூடவே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கோப்பிக் கறையை வைத்து 1997இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். நீர்வர்ணத்தில் காய்ந்த கடதாசியில் வைக்கும் ஒவ்வொரு தீற்றலின் ஓரமும் சற்று அடர்ந்து நிற்பது இதே காரணத்தால்தான். பனிமூட்டத்தில் அந்த ஓரம் வந்தால் படம் கெட்டுவிடும். பாறைக்கும் தோணிக்கும் அது அழகு.

கொழும்பில் வரைகிறவர்களுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. நம் கடற்கரைக் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைய இருப்பதால் கடதாசி மெதுவாகவே காயும். வரண்ட நாட்டில் இருப்பவர்கள் படம் பிடித்துக் காட்டும் செய்முறைகளில் ஐந்து நிமிடம் காத்திருங்கள் என்றால், ஐப்பசி மழை நாளில் வெள்ளவத்தையில் அது பதினைந்து நிமிடமாகவும் ஆகலாம். மணிக்கூட்டைப் பார்க்காமல் மினுக்கத்தைப் பாருங்கள். மெதுவாகக் காய்வது புதியவர்களுக்கு நல்லதும்கூட. பனிமூட்டத்தோடு விளையாட நேரம் கிடைக்கிறது. ஃபேனை நேராகப் படத்தின் மேல் விடாதீர்கள், ஒரு பக்கம் மட்டும் காய்ந்து கரை விழும். இன்னொன்று: கடதாசியைத் திறந்தபடி அலுமாரியில் வைக்காதீர்கள். நல்ல கடதாசிக்கு மேல் தண்ணீர் உடனே உறிஞ்சப்படாமலிருக்க ஜெலற்றின் பூச்சு ஒன்று இருக்கும். ஈரக் காற்றில் அதில் பூஞ்சணம் பிடிக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, வானத்தைத் தீட்டியதும் அங்கங்கே புள்ளிப் புள்ளியாக எழும். இரண்டு வருடம் பாதுகாத்து வைத்திருந்த ஒரு கட்டுக் கடதாசியை நான் அப்படித்தான் இழந்தேன். அன்றிலிருந்து பிளாஸ்டிக் உறையில், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு வைக்கிறேன்.

சரி, மலைகளுக்கு வருவோம். தூரத்து மலை ஏன் நீலமாகத் தெரிகிறது? அதில் இருப்பது பச்சைத் தேயிலையும் கருங்கல்லும்தான். நமக்கும் மலைக்கும் இடையில் இருக்கும் காற்று, சூரிய ஒளியில் நீலத்தையே அதிகமாகச் சிதறடித்து நம் பக்கம் அனுப்புகிறது. பின்னாளில் ரேலி பிரபு எனப்பட்ட ஆங்கில இயற்பியலாளர் 1871இல் கொடுத்த விளக்கம் இது. மலை தள்ளிப் போகப் போக இடையில் காற்று கூடும், நீலமும் கூடும், மலையின் சொந்த நிறம் மங்கும். பனிமூட்டம் மட்டும் ஏன் வெள்ளை? அதன் நீர்த்துளிகள் பெரியவை. அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன.

தூரிகைக்கு இதன் அர்த்தம் எளிது. கடைசி மலைக்கு நிறையத் தண்ணீரும் துளி நீலமும். அது நன்றாகக் காய்ந்த பிறகு நடு மலைக்குக் கொஞ்சம் தண்ணீர் குறைத்து, செம்பழுப்புச் சேர்த்து. கிட்டத்து மலைக்கு இன்னும் அடர்த்தியாக, மஞ்சள் கலந்த பச்சையாக. ஒவ்வொரு மலையின் அடிவாரத்தையும் சுத்தமான ஈரத் தூரிகையால் கீழே இழுத்துக் கரைத்துவிடுங்கள். அங்கேதான் நாம் விட்டுவைத்த பனிமூட்டப் பட்டை தொடங்குகிறது. நீர்வர்ணம் காய்ந்ததும் வெளிறும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஈரத்தில் இது கொஞ்சம் அதிகமோ என்று தோன்றும் அடர்த்திதான் காய்ந்த பிறகு சரியாக நிற்கும்.

ஆங்கில ஓவியர் டேர்னர் 1842இல் சுவிற்சர்லாந்தின் லூசேர்ன் ஏரிக்கரை மலையொன்றை விடியற்காலையில் வரைந்தார். நீல ரிகி என்று அதைச் சொல்வார்கள், இன்று லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. முழு மலையும் ஒரு நீல மூச்சுப்போல் நிற்கும். எனக்கு எல்லா நீர்வர்ணப் படங்களிலும் பிடித்தது அது. இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். மெல்லிய படலத்தின் மேல் மெல்லிய படலமாக அந்த மலை எழுந்திருப்பது தெரியும்.

வாவி பார்வைக்குக் கடினம், கைக்கு எளிது. தண்ணீரைத் தண்ணீராக வரைய முயலாதீர்கள். அசையாத வாவியில் நாம் காண்பது பெரும்பாலும் வானத்தையும் மலையையும்தான். நேர் மேலிருந்து பார்த்தால் தண்ணீர் ஒளியில் ஏறக்குறைய 2 சதவீதத்தை மட்டுமே பிரதிபலிக்கிறது. மிகச் சாய்வாகப் பார்த்தால் கண்ணாடியாகவே மாறிவிடுகிறது. ஆகவே அக்கரைப் பக்கம் பளிச்சென்று இருக்கட்டும். நம் காலடிப் பக்கம் ஆழத்தின் கரும்பச்சை வரட்டும். மலையின் பிம்பத்தை ஈரமாக மேலிருந்து கீழே இழுங்கள், குறுக்கே வேண்டாம். ஒளிக்கீற்றின் இடம் வந்ததும் தூரிகையைத் தூக்கி, தாண்டி, மீண்டும் வையுங்கள். அந்தக் கீற்றுக்குள் ஒரு சொட்டு நீலம்கூட விழக்கூடாது.

கை நடுங்குகிறவர்கள் மாஸ்கிங் திரவம் பயன்படுத்தலாம். அது வேறொன்றுமில்லை, அமோனியா சேர்த்த இறப்பர் பால். இறப்பர் தோட்டப் பக்கம் போனவர்களுக்கு அந்த மணம் உடனே தெரியும். வெள்ளை வேண்டிய இடத்தில் பூசிக் காயவிட்டு, மேலே வர்ணம் தீட்டி, எல்லாம் காய்ந்த பிறகு விரலால் உருட்டி எடுத்தால் கீழே கடதாசி சுத்தமாக இருக்கும். தூரிகையை முதலில் சவர்க்காரத்தில் தோய்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மயிர் ஒட்டிக்கொண்டு தூரிகை போய்விடும். ஆனால் அது விடும் விளிம்பு வெட்டியதுபோல் கூராக இருக்கும். ஒளிக்கீற்றுக்கு ஆகும், பனிமூட்டத்துக்கு ஆகாது. எனக்குக் கையால் தாண்டிப் போவதுதான் பிடிக்கும். விளிம்பில் கொஞ்சம் உயிர் இருக்கும்.

கடைசியாகத் தூண்டில்காரர். இவ்வளவு நேரமும் அவருக்காகத்தான் இடம் விட்டுக்கொண்டிருந்தோம்.

மா யுவான் வரைந்ததாகக் கருதப்படும் ஒரு சீனப் படம் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எண்ணூறு ஆண்டுப் பழைமை, பட்டில் தீட்டியது. ஒரு சின்னத் தோணி, அதன் ஒரு முனையில் முன்னால் குனிந்தபடி ஒருவர், கையில் உருளை பொருத்திய தூண்டில், தோணியைச் சுற்றி நாலைந்து அலைக்கோடு. மீதியெல்லாம் வெறும் பட்டு. மலை இல்லை, கரை இல்லை, வானம் இல்லை. ஆனாலும் அந்தத் தண்ணீரின் குளிர் நம் மேல் படும். ஆளைத் தனியாகக் காட்ட அவர் முகத்தில் சோகத்தை வரைய வேண்டியதில்லை. அவரைச் சுற்றி எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதே போதும்.

நம் படத்தில் அவர் சுண்டுவிரல் நகத்தின் அளவுக்கு மேல் போகக்கூடாது. புதியவர்கள் எல்லோரும் பெரிதாகத்தான் வரைவார்கள், மனிதரைக் கண்டதும் கை தானாக முகத்தைத் தேடும். முகம் வேண்டாம். கடதாசி முழுதாகக் காய்ந்த பிறகு, நீலமும் செம்பழுப்பும் தண்ணீர் குறைத்துக் கலந்து, படத்திலேயே மிக அடர்ந்த நிறத்தைத் தயார் செய்யுங்கள். தூரிகை நுனியால் ஒரு தலை, தலையிலிருந்து சற்று இடைவெளி விட்டு ஒரு குனிந்த முதுகு, கீழே தோணி. அவரை நடுவில் வைக்காமல் ஒரு பக்கம் தள்ளி, நாம் காப்பாற்றிய ஒளிக்கீற்றுக்கு முன்னால் வையுங்கள். மிக அடர்ந்ததும் மிக வெளிறியதும் அருகருகே சந்திக்கும் இடத்துக்குத்தான் கண் முதலில் போகும். ஆள் எவ்வளவு சின்னதானாலும் பரவாயில்லை.

தோணியின் நிறம் ஈரமாக இருக்கும்போதே அதன் கீழ் விளிம்பைத் தொட்டுப் பிம்பத்தை இழுத்து, குறுக்கே இரண்டு மூன்று மெல்லிய வெள்ளை இடைவெளி விடுங்கள். அசல் கறுப்பாக இருந்தால் பிம்பம் ஒரு படி வெளிறி இருக்க வேண்டும். தூண்டிலின் பிம்பத்தில் பலர் தடுமாறுகிறார்கள். தூண்டில் இடது பக்கம் சாய்ந்தால் பிம்பமும் இடது பக்கம்தான் போகும். நுனி தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரமோ, நேர் கீழே அதே அளவு ஆழத்தில் பிம்பத்தின் நுனி.

விட்டுவைத்த வெள்ளை போய்விட்டால் என்ன செய்வது? அல்ட்ராமரின் போன்ற நிறங்களை ஈரத் தூரிகையால் தேய்த்துத் துவாயால் ஒற்றினால் ஓரளவு எடுத்துவிடலாம். தாலோ நீலம் போன்றவை நாரில் ஊறிவிடும், எடுபடாது. நன்றாகக் காய்ந்த கடதாசியில் பிளேட் நுனியால் மெல்லச் சுரண்டினால் ஒரு கோடு வெள்ளை கிடைக்கும். டேர்னரும் சுரண்டியவர்தான். அப்படியும் முடியாவிட்டால், தூண்டில் நூலுக்கு மட்டும் அந்த வெள்ளை டியூப்பைத் திறங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நாகத்திலிருந்து செய்த சீன வெள்ளையை வின்சர் அன்ட் நியூட்டன் என்ற வர்ணக் கம்பனி 1834இல் சந்தைக்குக் கொண்டுவந்ததே நீர்வர்ணக்காரர்களுக்காகத்தான். வானத்தில் கலக்காதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

பம்பலப்பிட்டியிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போன மாதம் இந்தப் படத்தை முடித்தார். வாவிக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெறும் கடதாசி. தூரிகையை அதன் மேல் பிடித்தபடி நெடுநேரம் யோசித்தார்.

"தம்பி, இதை இப்படியே விடட்டோ?"

"விடுங்கோ அன்ரி."

தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, எட்டிப்போய் நின்று பார்த்தார். "அட, வெயில் எறிக்குது" என்றார்.

நீங்களும் தொடங்க மலையகம் போக வேண்டும் என்றில்லை. ஒரு நாள் காலை ஆறரை மணிக்குப் பேரை வாவிக் கரையில் போய் நில்லுங்கள். மலைகளின் இடத்தில் கட்டடங்கள், தூண்டில்காரரின் இடத்தில் ஒரு கூழைக்கடா. வர்ணப் பெட்டி வேண்டாம். ஒரு கொப்பியும் பென்சிலும் மட்டும். தண்ணீரில் எங்கெங்கே கடதாசியைத் தொடாமல் விடுவீர்கள் என்று அந்த இடங்களை மட்டும் கோடிட்டுக்கொண்டு வாருங்கள். வெயில் ஏறினால் அவை இடம் மாறிவிடும், அதனால் கொஞ்சம் வேகமாகக் கோடிடுங்கள்.